ஆண்ட்ரூ மினார்ஸ்கி: ஒரே சாட்சியால் நிலைத்த வீரச்செயல்

ஆண்ட்ரூ சார்லஸ் மினார்ஸ்கி (14 அக்டோபர் 1916 – 13 ஜூன் 1944) இரண்டாம் உலகப் போரில் உயிர்நீத்த கனடிய விமானப்படை வீரர் ஆவார். லங்காஸ்டர் வகைக் குண்டுவீச்சு விமானத்தில் சுடுநராகப் பணியாற்றியவர். பிரான்சு நாட்டின் மேல் தீப்பற்றி எரிந்த தம் விமானத்தில் சிக்கிக்கொண்ட தோழர் ஒருவரை மீட்க முயன்று, தீக்காயங்களால் இறந்தார். பிரித்தானிய அரசின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ், இவர் இறந்து இரண்டு ஆண்டுகள் கழிந்தபின் 1946ஆம் ஆண்டு இவருக்கு வழங்கப்பட்டது.

இவரது மீட்பு முயற்சி வெற்றி பெறவில்லை. சிக்கியிருந்த தோழரை இவரால் விடுவிக்க முடியாமல் போயிற்று. அந்தத் தோழர் பின்னர் உயிர் பிழைத்தது முற்றிலும் தற்செயல். அவர் அப்படிப் பிழைத்ததனால்தான் மினார்ஸ்கி என்ன செய்தார் என்பது உலகுக்குத் தெரியவந்தது. ஒருவரின் வீரம் எந்த வழியாக வரலாற்றில் ஏறுகிறது, எத்தனை பேருடைய வீரம் ஏறாமலே போயிருக்கும் என்று எண்ணிப் பார்க்க இவரது வாழ்க்கை நல்ல எடுத்துக்காட்டு.

பிறப்பும் இளமையும்

மினார்ஸ்கி கனடாவின் மனிடோபா மாகாணத்தில் உள்ள வின்னிபெக் நகரில் பிறந்தார். பெற்றோர் போலந்து நாட்டிலிருந்து பிழைப்புத் தேடிக் கனடாவில் குடியேறியவர்கள். குடும்பத்தில் ஆறு பிள்ளைகள்; இவர் இரண்டாமவர். வின்னிபெக்கிலேயே தொடக்கக் கல்வியை முடித்து, அந்நகரின் தொழிற்பள்ளி ஒன்றில் படித்தார்.

இவருக்குப் பதினாறு வயதானபோது தந்தை இறந்தார். அது 1930களின் தொடக்கம். உலகப் பொருளாதாரப் பெருமந்தம் கனடாவை வாட்டிக்கொண்டிருந்த காலம். குடும்பச் சுமையில் பங்கேற்க வேண்டிய கட்டாயத்தால், மென்மயிர்த் தோல் ஆடைகள் செய்யும் தொழிலில் தோல் வெட்டுபவராக வேலைக்குச் சேர்ந்தார். ஓய்வு நேரத்தில் மரவேலை செய்வதும் மாதிரிப் பொருள்கள் செய்வதும் இவருக்குப் பிடித்தமானவை. அமைதியானவர், ஆனால் நகைச்சுவை உணர்வு மிக்கவர் என்றே இவருடன் பழகியோர் நினைவுகூர்ந்தனர். பிற்காலத்தில் பெரும்புகழ் பெறப்போகும் ஒருவர் என்பதற்கு இவரது இளமையில் எந்த அறிகுறியும் இல்லை. உழைக்கும் குடும்பத்தைத் தாங்கிய பிள்ளைகளில் ஒருவர், அவ்வளவே.

விமானப்படையில் சேர்தல்

1941ஆம் ஆண்டு நவம்பரில் மினார்ஸ்கி அரச கனடிய விமானப்படையில் சேர்ந்தார். அக்காலத்தில் காமன்வெல்த் நாடுகளுக்குத் தேவையான விமானப் படையினரை உருவாக்கும் பெரும் பயிற்சிக் களமாகக் கனடா விளங்கியது. 1939 டிசம்பரில் கையெழுத்தான பிரித்தானிய காமன்வெல்த் விமானப் பயிற்சித் திட்டத்தின் கீழ் 1,30,000க்கும் மேற்பட்டோர் அங்கே பயிற்சி பெற்று வெளியேறினர். எதிரி விமானங்கள் எட்டாத தொலைவு, பரந்த சமவெளி, திறந்த வானம் ஆகியவை அந்நாட்டைப் பயிற்சிக்கு ஏற்றதாக்கின.

மினார்ஸ்கி முதலில் கால்கரி நகரில் இருந்த கம்பியில்லாத் தந்திப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். மோர்ஸ் குறியீட்டுப் பாடம் இவருக்குக் கைவரவில்லை. ஆகவே மனிடோபாவில் இருந்த மெக்டொனால்ட் சுடுநர் பயிற்சிப் பள்ளிக்கு மாற்றப்பட்டார். 1942 டிசம்பரில் விமானச் சுடுநருக்குரிய சின்னத்தைப் பெற்று, அடுத்த சில வாரங்களில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

அங்கே மேலும் பல மாதப் பயிற்சிக்குப் பிறகு, 1944 ஏப்ரலில் 419ஆம் படையணியில் சேர்ந்தார். கனடியப் படையணியான இது, இங்கிலாந்தின் வடகிழக்கே டர்ஹம் மாவட்டத்தில் இருந்த மிடில்டன் செயின்ட் ஜார்ஜ் விமானத் தளத்திலிருந்து இயங்கியது. இந்தப் படையணியின் முதல் தலைவரான ஜான் ஃபுல்டனின் பட்டப்பெயர் ‘மூஸ்’. அது வட அமெரிக்காவின் பெரிய மான் இனம் ஒன்றின் பெயர். 1942இல் அவர் பயணத்திலிருந்து திரும்பாமல் போன பின்பு, படையணிக்கே ‘மூஸ்’ என்ற பெயர் நிலைத்தது.

எழுவர் குழு

லங்காஸ்டர் நான்கு எஞ்சின்கள் கொண்ட கனரகக் குண்டுவீச்சு விமானம். நீளம் ஏறத்தாழ 21 மீட்டர். இறக்கை முனைகளுக்கு இடையே 31 மீட்டர். போர்க்காலத்தில் 7,377 லங்காஸ்டர்கள் கட்டப்பட்டன. அவற்றுள் 430 கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து மால்டன் தொழிற்சாலையில் உருவானவை. மினார்ஸ்கி இறுதியாகப் பறந்த விமானமும் அங்கே கட்டப்பட்டதுதான். அதன் வரிசை எண் கேபி 726. பக்கவாட்டில் தீட்டப்பட்டிருந்த எழுத்துகள் விஆர்-ஏ.

ஒரு லங்காஸ்டரில் ஏழு பேர் பறந்தனர். விமானி ஆர்ட் டி பிரெய்ன் இந்தக் குழுவின் தலைவர். ராய் விகர்ஸ் விமானப் பொறியாளர். குழுவில் இவர் ஒருவரே ஆங்கிலேயர், மற்ற அறுவரும் கனடியர். ராபர்ட் போடி வழிகாட்டும் பொறுப்பு வகித்தார். ஜாக் ஃபிரைடே குறிபார்த்துக் குண்டுகளை விடுவிப்பவர். ஜிம் கெல்லி கம்பியில்லாத் தந்தி இயக்குநர். விமானத்தின் முதுகுப்புறத்தில் இருந்த சுழல் துப்பாக்கிக் கூண்டில் மினார்ஸ்கி அமர்ந்தார். வால் முனையில் இருந்த கூண்டில் பாட் பிரோஃபி அமர்ந்தார்.

மினார்ஸ்கிக்கும் பிரோஃபிக்கும் இடையே நெருங்கிய நட்பு இருந்தது. பிரோஃபி அதிகாரி நிலையில் இருந்தவர்; மினார்ஸ்கி அதற்குக் கீழான நிலையில் இருந்தார். இரவில் இருவரும் தத்தம் தங்குமிடங்களுக்குப் பிரியும்போது, மினார்ஸ்கி வேண்டுமென்றே விறைப்பாக நின்று, மிகைப்படுத்திய ஒரு சல்யூட் அடித்து, ‘சார்’ போட்டு இரவு வணக்கம் சொல்வாராம். இரு நண்பர்களுக்கு இடையே வழக்கமாகிவிட்ட கேலி அது. இந்தச் சிறு செய்தியை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

வால் கூண்டின் தனிமை

பின்னர் நடந்ததைப் புரிந்துகொள்ள, வால் சுடுநர் அமர்ந்திருந்த இடத்தின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

விமானி, பொறியாளர், வழிகாட்டி, குண்டு குறிபார்ப்பவர், தந்தி இயக்குநர் ஆகிய ஐவரும் விமானத்தின் முன்பகுதியில் அருகருகே இருந்தனர். வால் சுடுநரோ அவர்களிடமிருந்து பல மீட்டர் தொலைவில், நான்கு இயந்திரத் துப்பாக்கிகளுடன் ஒரு சிறு கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்திருப்பார். குளிர் கடுமையானது. மற்றவர்களுடன் பேச இன்டர்காம் கம்பி ஒன்றே துணை. உறைபனி இரவில் மணிக்கணக்காக இருட்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதே அவரது வேலை.

கூண்டுக்குள் பாராசூட்டை வைத்துக்கொள்ள இடமில்லை. அது கூண்டுக்கு வெளியே, விமானத்தின் உட்பகுதியில் மாட்டப்பட்டிருக்கும். ஆபத்து வந்தால் சுடுநர் முதலில் கூண்டை நேர் திசைக்குத் திருப்ப வேண்டும். பிறகு பின்னால் உள்ள கதவுகளைத் திறந்து பாராசூட்டை எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும். அதன்பின் கூண்டைப் பக்கவாட்டில் திருப்பிப் பின்புறமாக வெளியே விழ வேண்டும். ஆகவே கூண்டு திரும்பினால்தான் அவருக்கு வழி. கூண்டைத் திருப்பும் ஹைட்ராலிக் விசை, விமானத்தின் எஞ்சின் ஓட்டத்தால் கிடைப்பது. எஞ்சின் நின்றால் கையால் சுற்றும் பிடி ஒன்று உண்டு. அதுவும் பழுதானால், அந்தக் கூண்டு அவருக்குச் சிறை.

கம்ப்ரே ஏன் இலக்கானது

1944 ஜூன் 6 அன்று நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கின. இறங்கிய படைகள் நிலைகொள்ளுமா, கடலுக்குள் தள்ளப்படுமா என்பது அடுத்த சில வாரங்களில் முடிவாக வேண்டியிருந்தது. செருமானியர் தம் தொட்டிகளையும் துருப்புகளையும் எவ்வளவு விரைவாக நார்மண்டிக்குக் கொண்டுவர முடியும் என்பதைப் பொறுத்தே அது அமைந்தது. பெரும்பாலான கனரகத் தளவாடங்கள் இரயிலில்தான் வர வேண்டும். ஆகவே வட பிரான்சின் இரயில் சந்திப்புகளையும் வண்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் நிலையங்களையும் நேச நாட்டு விமானங்கள் மாதக்கணக்கில் தாக்கிவந்தன. கம்ப்ரே நகரின் இரயில் நிலையம் அத்தகைய இலக்குகளுள் ஒன்று.

இந்தத் தாக்குதல்கள் நார்மண்டிப் போரில் பெரிதும் உதவின. அதே வேளையில் இரயில் நிலையங்களை ஒட்டி வாழ்ந்த பிரெஞ்சுப் பொதுமக்கள் பலர் அவற்றில் இறந்தனர் என்பதையும் வரலாறு பதிவு செய்துள்ளது.

1944 ஜூன் 12 இரவு டி பிரெய்ன் குழுவினர் கம்ப்ரேக்குப் புறப்பட்டனர். இது அக்குழுவின் 13ஆவது போர்ப் பயணம். இலக்கை அடையும்போது தேதி 13 ஆகிவிடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். மேலைநாட்டவரிடையே 13 கெட்ட எண். புறப்படுவதற்குமுன் விமானத்தின் அருகே புல்தரையில் காத்திருந்தபோது, மினார்ஸ்கி நான்கு இலைகள் கொண்ட குளோவர் செடித் தழை ஒன்றைக் கண்டெடுத்தார். அது நல்வாய்ப்பின் அடையாளம் என்று அவர்கள் கருதுவர். அதை அவர் பிரோஃபியிடம் கொடுத்தார். மினார்ஸ்கிக்கு ‘பைலட் ஆபீசர்’ என்னும் அதிகாரி நிலைக்குப் பதவி உயர்வு கிடைத்ததும் இதற்குச் சற்று முன்புதான்.

எரியும் விமானத்தில்

விமானம் பிரெஞ்சுக் கரையைத் தாண்டியதும் எதிரியின் தேடொளி விளக்குகள் அதைப் பற்றின. விமானி லாகவமாக விலகி இருட்டுக்குள் நுழைந்தார். ஆனால் அதன்பின் சற்று நேரத்தில், கீழேயும் பின்னேயும் இருந்து செருமானிய இரவுப்போர் விமானம் ஒன்று தாக்கியது. இடப்பக்க எஞ்சின்கள் இரண்டும் செயலிழந்தன. இறக்கையில் தீப்பற்றியது. விமானத்தின் உள்ளேயும், மினார்ஸ்கியின் கூண்டுக்கும் வால் கூண்டுக்கும் இடைப்பட்ட பகுதியில், பெருந்தீ மூண்டது. விமானத்தைக் காப்பாற்ற முடியாது என்று கண்ட டி பிரெய்ன், அனைவரும் குதிக்குமாறு ஆணையிட்டார்.

முன்பகுதியில் இருந்தோர் முன்பக்கத் தரைவழியாக ஒருவர்பின் ஒருவராக வெளியேறினர். மினார்ஸ்கி தம் கூண்டிலிருந்து இறங்கி, பின்பக்கக் கதவை நோக்கிச் சென்றார். அவர் குதிக்கத் தடையேதும் இல்லை. அப்போதுதான் வால் பக்கம் பார்த்தார். பிரோஃபி இன்னும் கூண்டுக்குள்ளேயே இருந்தார்.

இடப்பக்க எஞ்சின்கள் நின்றதால் வால் கூண்டுக்கு ஹைட்ராலிக் விசை கிடைக்கவில்லை. பிரோஃபி கைப்பிடியைச் சுற்றிக் கூண்டைத் திருப்ப முயன்றார்; பிடி உடைந்து கையோடு வந்துவிட்டது. கூண்டு பாதி திரும்பிய நிலையில் இறுகிக்கொண்டது.

மினார்ஸ்கி கதவை விட்டு, கையும் முழங்காலுமாகத் தீக்குள் தவழ்ந்து வாலை அடைந்தார். அதற்குள் அவருடைய உடையும் பாராசூட்டும் தீப்பற்றிக்கொண்டன. விமானத்தில் இருந்த கோடரியால் கூண்டை அடித்து நகர்த்தப் பார்த்தார். பயனில்லை. பிறகு வெறுங்கையால் பிய்க்க முயன்றார். இடுப்பளவுக்குத் தீ ஏறியிருந்தது. இனி ஒன்றும் செய்ய இயலாது என்று கண்ட பிரோஃபி, தன்னை விட்டுப் போகும்படி கையசைத்துக் கத்தினார்.

மினார்ஸ்கி பின்வாங்கினார். திரும்பி ஓடவில்லை, நண்பரைப் பார்த்தபடியே தீயினூடே பின்னோக்கித் தவழ்ந்தார். கதவருகே வந்ததும் எழுந்து விறைப்பாக நின்றார். எரியும் உடையுடன் பிரோஃபிக்குச் சல்யூட் அடித்தார். அவரது உதடுகள் அசைந்தன. எஞ்சின் இரைச்சலில் பிரோஃபியின் காதில் எதுவும் விழவில்லை. ஆனாலும் அவர் சொன்னது என்ன என்பதில் பிரோஃபிக்குக் கடைசிவரை ஐயம் எழவில்லை. ஒவ்வோர் இரவும் சொல்லும் அதே வணக்கம். பிறகு மினார்ஸ்கி குதித்தார்.

தரையில் இருந்த பிரெஞ்சுக் கிராமத்தார், எரிந்துகொண்டே இறங்கும் ஒருவரைக் கண்டனர். கோதியாம்ப்ரே என்னும் சிற்றூர்ப் பகுதியில் சதுப்பு நிலத்தில் அவர் விழுந்தார். அவரைக் கண்டெடுத்தபோது உயிர் இருந்தது. ஆனால் தீக்காயம் மிகக் கடுமையாக இருந்ததால் விரைவிலேயே இறந்தார். அப்போது அவருக்கு வயது 27. பிரான்சின் சோம் மாவட்டத்தில் உள்ள மெஹாரிக்கூர் ஊர்ப் பொது இடுகாட்டில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

தற்செயலாகப் பிழைத்தவர்

ஆளில்லாத விமானம், வால் கூண்டில் பிரோஃபியைச் சுமந்தபடி, குண்டுகளுடன் தரையை நோக்கி இறங்கியது. செங்குத்தாக விழாமல் சாய்வாகத் தரையில் மோதியது. மோதிய வேகத்தில் மரம் ஒன்றில் இறக்கை அடிபட்டு விமானம் சுழன்றது. அந்தச் சுழற்சியின் விசையில் இறுகிக்கிடந்த கூண்டு விடுபட, பிரோஃபி வெளியே தூக்கி எறியப்பட்டார். குண்டுகளுள் சில வெடித்தன. ஆனால் பிரோஃபிக்குப் பெருங்காயம் எதுவும் இல்லை.

ஒரே விமானத்தில் நிகழ்ந்த முரண் இது. தப்பிக்க வழி திறந்திருந்தவர் இறந்தார். தப்பவே வழியில்லாதவர் பிழைத்தார். ஏழு பேரில் உயிரிழந்தவர் மினார்ஸ்கி ஒருவரே.

மற்ற ஐவரும் பாராசூட்டில் இறங்கிப் பிழைத்தனர். விகர்ஸும் ஃபிரைடேயும் செருமானியரிடம் சிறைப்பட்டனர். டி பிரெய்ன், கெல்லி, போடி, பிரோஃபி ஆகிய நால்வரையும் பிரெஞ்சு மக்கள் மறைத்து வைத்துக் காத்தனர். தப்பிய விமானப் படையினருக்கு அடைக்கலம் தந்தது தெரிந்தால் குடும்பத்தோடு தண்டனை உறுதி. அப்படியிருந்தும் அவர்கள் அதைச் செய்தனர். பெயர் வெளியே தெரியாத அந்தக் குடும்பங்கள் இல்லையென்றால், இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் செய்திகளில் பாதியும் நமக்குக் கிடைத்திராது.

பிரோஃபி 1944 செப்டம்பரில் இலண்டன் திரும்பினார். அங்கேதான் மினார்ஸ்கி இறந்துவிட்டார் என்ற செய்தியை அறிந்தார்.

சாட்சியம் விருதான வழி

வால் பகுதியில் அன்றிரவு நடந்ததைக் கண்ணால் கண்டவர் ஒருவர் மட்டுமே. முன்பகுதியில் இருந்த எவருக்கும் அது தெரியாது. விமானிக்கு அவரது இருக்கையிலிருந்து பின்பகுதியைப் பார்க்க வழியே இல்லை. சுடுநர் ஒருவர் ஏன் அத்தனை தீக்காயத்துடன் இறங்கினார் என்பது அவர்களுக்குப் புதிராகவே இருந்திருக்கும்.

பிரோஃபி தாம் கண்டதை டி பிரெய்னிடம் விவரித்த பிறகே, குழுத் தலைவர் என்ற முறையில் அவர் 1945இல் விருதுப் பரிந்துரையைத் தொடங்கினார். 1946 அக்டோபர் 11 அன்று பிரித்தானிய அரசிதழான இலண்டன் கெசட்டில் விக்டோரியா கிராஸ் அறிவிப்பு வெளியாயிற்று. வால் சுடுநரை விடுவிக்கச் சென்றால் தம் உயிர் போவது ஏறத்தாழ உறுதி என்பதை மினார்ஸ்கி நன்கு உணர்ந்தே சென்றார் என்பதுதான் அந்த அறிவிப்பின் சாரம். அவர் வெற்றி பெற்றாரா என்பதை அது அளவுகோலாகக் கொள்ளவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் மனிடோபா மாகாண ஆளுநர் அந்தப் பதக்கத்தை மினார்ஸ்கியின் தாயிடம் அளித்தார்.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. அக்காலத்துப் பிரித்தானிய விதிகளின்படி, போர்க்களத்தில் இறந்துபோன வீரருக்கு இடைநிலை வீரப் பதக்கங்களை வழங்க முடியாது. ஒன்று மிக உயர்ந்த விக்டோரியா கிராஸ்; இல்லையேல் போர் அறிக்கையில் பெயரைச் சிறப்பித்துக் குறிப்பிடுவது. இவை இரண்டுக்கும் நடுவில் எதுவும் இல்லை. விக்டோரியா கிராஸுக்கோ உறுதியான சாட்சியம் வேண்டும். இரண்டாம் உலகப் போர் முழுவதற்கும், எல்லாப் படைகளையும் எல்லா நாடுகளையும் சேர்த்து, 182 முறை மட்டுமே அது வழங்கப்பட்டது. எனவே சாட்சி சொல்ல ஆளில்லாமல் இறந்தவருக்கு, அவர் என்ன செய்திருந்தாலும், கிடைப்பது கல்லறைக் கல்லில் ஒரு பெயர்தான்.

இதே போன்ற வேறு இரு நிகழ்ச்சிகளும் இதை உறுதி செய்கின்றன. 1942 மே மாதம் கொலோன் நகர்த் தாக்குதலில், தம் குழுவினர் குதிக்கும்வரை சேதமுற்ற விமானத்தைப் பிடித்துக்கொண்டிருந்து இறந்தவர் லெஸ்லி மான்சர். அவரது குழுவினருள் ஐவர் எதிரி பிடியில் சிக்காமல் இங்கிலாந்து திரும்பிச் சொன்னதால் அவருக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது. 1944 ஏப்ரலில் நார்மன் ஜாக்சன் என்ற பொறியாளர், பறக்கும் லங்காஸ்டரின் இறக்கைமேல் ஏறித் தீயணைக்க முயன்றார். அவர் உயிர் பிழைத்தாலும் தாம் செய்ததைச் சொல்லிக்கொள்ளவில்லை. சிறை முகாம்களிலிருந்து 1945இல் விடுதலையான தோழர்கள் சொன்ன பிறகே அது வெளிவந்தது. மூன்று நிகழ்ச்சிகளிலும் திரும்பி வந்த தோழர்களின் சொல்லே ஆவணமாயிற்று.

சாட்சியின்றி இறந்தவர்கள்

திரும்பி வராதவர்கள் எத்தனை பேர்? பிரித்தானியக் குண்டுவீச்சுப் படைத்தலைமையின் கீழ் ஏறத்தாழ 1,25,000 விமானப் படையினர் பணியாற்றினர். அவர்களுள் 55,573 பேர் இறந்தனர். நூற்றுக்கு நாற்பத்துநான்கு பேர். இறந்தவர்களுள் சுமார் 10,000 பேர் கனடியர். இவர்கள் அனைவரும் தாமாக முன்வந்து விமானப் பணியை ஏற்றவர்கள். முதல் பணிச்சுற்று 30 பயணங்கள். அதை முழுதாக முடித்துக் கீழே இறங்கியவர் சிறுபான்மையினரே.

லங்காஸ்டரிலிருந்து குதிப்பது எளிதன்று. முன்பக்க வெளியேறும் துளை குறுகலானது. விமானத்தின் உள்ளே குறுக்காகச் செல்லும் இறக்கைச் சட்டத்தைக் கனத்த உடையோடும் பாராசூட்டோடும் தாண்டுவது பகலிலேயே கடினம். ஆகவே விமானம் விழுந்தால் பெரும்பாலும் எழுவரும் சேர்ந்தே இறந்தனர். அந்த இறுதி நிமிடங்களில் யார் யாருக்காகத் திரும்பினார், யார் யாருடைய கதவைத் திறக்கப் போராடினார் என்பதைச் சொல்ல எவரும் எஞ்சவில்லை.

இங்கிலாந்தின் ரன்னிமீடு என்னும் இடத்தில் 1953இல் திறக்கப்பட்ட விமானப்படை நினைவகம் உள்ளது. கல்லறைகூட இல்லாமல் மறைந்துபோன 20,000க்கும் மேற்பட்ட காமன்வெல்த் விமானப் படையினரின் பெயர்கள் அதன் சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ளன. மினார்ஸ்கியின் செயலைப் படிக்கும் எவரும் அந்தச் சுவர்களையும் சேர்த்தே நினைக்க வேண்டும். அங்கே எழுதப்பட்டுள்ள பெயர்களில் எத்தனை மினார்ஸ்கிகள் இருக்கின்றனர் என்பதற்கு எந்த ஆவணமும் விடை தராது.

பெருமையும் கேள்வியும்

நேச நாடுகளின் குண்டுவீச்சுப் போரைப் பற்றி இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. 1943இல் ஹாம்பர்க், 1945இல் டிரெஸ்டன் ஆகிய நகரங்களில் பல்லாயிரம் பொதுமக்கள் தீயில் மாண்டனர். இதனாலேயே போர் முடிந்தபின் நீண்ட காலம் இப்படையினரைப் பொதுவெளியில் போற்றத் தயக்கம் நிலவியது. இலண்டனின் கிரீன் பார்க்கில் இவர்களுக்கெனப் பெரிய நினைவகம் திறக்கப்பட்டது 2012ஆம் ஆண்டில்தான். அதற்குள் பணியாற்றியோர் பெரும்பாலோர் காலமாகிவிட்டனர்.

ஒரு போர்க்கொள்கை சரியா தவறா என்பது ஒரு கேள்வி. அந்தப் போரில் ஒரு மனிதர் தம் தோழருக்காக என்ன செய்தார் என்பது வேறொரு கேள்வி. ஒன்றின் விடையை மற்றொன்றின்மேல் ஏற்றாமல் இரண்டையும் தனித்தனியே பார்ப்பதே வரலாறு படிப்போர்க்கு அழகு. மினார்ஸ்கி அன்றிரவு தீக்குள் தவழ்ந்தது ஒரு நகரைத் தாக்குவதற்காக அன்று. கூண்டுக்குள் ஒருவர் இருந்தார், அவ்வளவுதான் காரணம்.

நினைவுச் சின்னங்கள்

காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் வழக்கப்படி, மெஹாரிக்கூர் கல்லறைக் கல்லில் விக்டோரியா கிராஸ் வடிவம் செதுக்கப்பட்டுள்ளது. வின்னிபெக்கில் ஒரு பள்ளி இவரது பெயரைத் தாங்கி நிற்கிறது. மனிடோபாவில் சில ஏரிகளுக்கு மினார்ஸ்கி ஏரிகள் எனப் பெயரிட்டுள்ளனர். இவர் கடைசியாகப் புறப்பட்ட மிடில்டன் செயின்ட் ஜார்ஜ் தளம் பின்னர் டீஸ்சைடு பயணியர் விமான நிலையமாயிற்று. அங்கே 2005 ஜூனில் இவருக்கு வெண்கலச் சிலை நிறுவப்பட்டது. சல்யூட் அடிக்கும் தோற்றத்தில் அந்தச் சிலை அமைந்துள்ளது.

கனடாவின் ஹாமில்டன் நகரில் உள்ள போர் விமான அருங்காட்சியகத்தில் பறக்கும் நிலையிலுள்ள லங்காஸ்டர் ஒன்று உண்டு. அதன் பக்கவாட்டில் விஆர்-ஏ என்ற எழுத்துகளைத் தீட்டி, மினார்ஸ்கி நினைவு லங்காஸ்டர் என்று அழைக்கின்றனர். இது அவர் பறந்த அதே விமானம் என்று பலர் கருதுவதுண்டு. அது சரியன்று. மினார்ஸ்கியின் விமானம் 1944இலேயே பிரான்சில் விழுந்து நொறுங்கிவிட்டது. அருங்காட்சியக விமானத்தின் உண்மையான எண் எஃப்எம் 213. அதே மால்டன் தொழிற்சாலையில் 1945இல் கட்டப்பட்டது. நெடுநாள் சீரமைப்புக்குப் பின் 1988 செப்டம்பரில் மீண்டும் பறந்தது. உலகில் இன்று பறக்கக்கூடிய லங்காஸ்டர்கள் இரண்டே. மற்றொன்று இங்கிலாந்தில் உள்ளது. 2014ஆம் ஆண்டு ஹாமில்டன் விமானம் அட்லாண்டிக்கைக் கடந்து சென்று அதனுடன் சேர்ந்து பறந்தது.

மோர்ஸ் குறியீடு கைவராமல் சுடுநரானவர், தம் குழுவின் 13ஆவது பயணத்தில் இறந்தார். இலக்கின்மேல் குண்டு போடும் வாய்ப்புகூட அந்தப் பயணத்தில் கிட்டவில்லை. மீட்கச் சென்றவரையும் மீட்கவில்லை. கணக்குப் பார்த்தால் எல்லாம் தோல்வி. ஆனாலும் ஒருவர் திரும்பி வந்து, தாம் கண்டதைக் கண்டபடி சொன்னார். அந்தச் சொல்லை நம்பி ஒரு குழுத் தலைவர் விடாமல் எழுதினார். மினார்ஸ்கியை இன்று நாம் அறிவது அவ்விருவரால்தான்.